ஹோர்மோன் குளிசை எடுத்தால் புற்றுநோய் நிச்சயமா?

"மாதவிடாய் நின்றபின் ஹோர்மோன் எடுத்தால் மார்பகப் புற்றுநோய் நிச்சயம்" என்ற குரல் பதிவு வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்கம் வட்ஸ்அப்பில் சுற்றுகிறது. நிச்சயம் என்பது தவறு.

இந்தப் பயத்தின் வேர் அமெரிக்காவில் 2002இல் இடைநிறுத்தப்பட்ட ஓர் ஆய்வு. ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டின் என்ற இரண்டு ஹோர்மோன்களையும் சேர்த்து எடுத்தவர்களில் ஆண்டுக்கு 10,000 பேருக்கு 38 பேரிடம் மார்பகப் புற்றுநோய் கண்டார்கள்; மருந்தில்லாத வெற்று மாத்திரை எடுத்தவர்களில் 30 பேரிடம். கூடுதல் 8 பேர். சிறிதுதான், ஆனால் பூச்சியம் இல்லை. எடுக்கும் ஆண்டுகள் கூடக்கூட அந்த ஆபத்தும் கூடும். கலந்துகொண்டவர்களின் சராசரி வயதோ 63! இரவில் வியர்த்து, மின்விசிறிக்குக் கீழேயும் தூங்க முடியாத ஐம்பது வயது அக்காவின் கணக்கு வேறு. கருப்பை அகற்றப்பட்டு ஈஸ்ட்ரோஜன் மட்டும் எடுத்தவர்களிடம் இந்த அதிகரிப்பே தெரியவில்லை. பதிவில் பேசுபவர் இதைத் தொடவே இல்லை.

60 வயதுக்குள், அல்லது மாதவிடாய் நின்று பத்து ஆண்டுக்குள், திடீர் திடீரென வரும் உடற்சூடு பாடாய்ப்படுத்தினால் பெரும்பாலானோருக்கு நன்மையே அதிகம். மார்பகப் புற்றுநோய், இரத்தக்கட்டி, பக்கவாதம் வந்தவர்களுக்குப் பொதுவாக இது கொடுப்பதில்லை. காரணம் தெரியாத இரத்தப்போக்கு இருந்தால் முதலில் அதைப் பரிசோதிக்க வேண்டும். சரி, அப்புறம் ஒன்று: பார்மசியில் தானாக வாங்காமல் பெண்நோயியல் வைத்தியரிடம் கேளுங்கள்.