குன்றக்குடி மலைமேல் பருந்துக் கூட்டம்: நிலநடுக்க அறிகுறியா?

"குன்றக்குடி மலைக்கு மேலே 500 பருந்து சுற்றுது, நிலநடுக்கம் வரப்போகுது" என்று காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி பொய். கூடவே வரும் படத்தில் பின்னால் பனிமலை வேறு தெரிகிறது. செட்டிநாட்டில் பனிமலைக்கு எங்கே போவது?

பங்குனி வெயிலில் பாறை சூடேறியதும் அதன்மேல் வெப்பக்காற்று எழும்பும். பருந்து சிறகை விரித்தபடி அதில் வட்டமிட்டே உயரம் ஏறும். சிறகடிக்கும் உழைப்பு மிச்சம். செம்பருந்தும் கரும்பருந்தும் இங்கே ஆண்டு முழுக்கச் செய்வதுதான் இது. குளிர்காலத்தைக் கழிக்க வந்த பூனைப்பருந்துகள் மார்ச், ஏப்ரலில் வடக்கே திரும்பும்.

அந்த 500-ம் நம்பும்படி இல்லை. சுற்றும்போது எண்ணினால் ஒரே பறவை நாலு முறை கணக்கில் ஏறிவிடும். பறவை எண்ணிப் பழகியவர்கள் குன்றின்மேல் பைனாகுலரோடு காத்திருந்து, உச்சிக்குப் போன பறவை வட்டத்தை விட்டு ஒரே திசையில் சறுக்கும்போதுதான் ஒவ்வொன்றாக எண்ணுவார்கள். மதியம் திரும்பி வந்து கோழிக்குஞ்சை நோட்டம் விடுவது உள்ளூர்ப் பருந்து. வலசை, அதாவது பருவத்துக்கு இடம்பெயரும் பறவைகளின் கணக்கில் அது சேராது.

நிலநடுக்கம் எந்த நாளில் வரும் என்று முன்கூட்டிச் சொல்லும் முறை விஞ்ஞானிகளிடமே இன்னும் இல்லை.