சக் லவெல்லின் நோட்டுப் புத்தகம்

பிரிட்டிஷ் ராக் இசைக்குழுவான ரோலிங் ஸ்டோன்ஸின் ஒத்திகை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரை, கீபோர்டு வாசிக்கும் சக் லவெல்லை ஒரே வரியில் கடந்துபோனது எனக்கு வருத்தம்தான். 1982 முதல் அவர்களோடு சுற்றுப்பயணம் போகிறவர் அவர். ஒத்திகையில் எடுக்கும் பாட்டுக்கெல்லாம் சுருதி, வேகம், கார்டு (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்), எங்கே நிறுத்துவது என்று கைப்பட எழுதி வைப்பார். பல வருஷம் தொடாத பாட்டைத் தூசி தட்டும்போது அந்த நோட்டுதான் கைகொடுக்கிறது. மேடையில் பாட்டின் பகுதி மாறும்போது கையசைத்துக் காட்டுவதும் அவரே. இத்தனைக்கும் அதிகாரபூர்வ உறுப்பினர் இல்லை! முன்பு பியானோ வாசித்த இயன் ஸ்டூவர்ட்டுக்கும் இதே கதைதான். 1963-இல் அவரை உறுப்பினர் வரிசையிலிருந்து எடுத்துவிட்டார்கள். மனுஷன் 1985-இல் இறக்கும்வரை கூடவே இருந்தார். அடுத்த முறை இவர்களைப் பற்றியும் விரிவாக எழுதுங்கள், சார்.