மேலுறையைப் பார்த்தவன்

அக்காள் மகள் இரவு இரண்டு மணிக்கு அழைத்தாள். அந்த நேரத்தில் தொலைபேசி மணி அடித்தால் ஊரில் யாருக்கு என்ன ஆனதோ என்றுதான் வயிறு கலங்கும். எடுத்தால் விசும்பல். “சித்தி, அந்தக் கடிதத்தைப் பிரித்துப் பார்த்தால் என்ன குறைந்துபோயிருக்கும் அவனுக்கு?” என்றாள். புரிந்துவிட்டது. ‘மூன் லவ்வர்ஸ்: ஸ்கார்லெட் ஹார்ட் ரியோ’ இருபதாவது எபிசோடை முடித்திருக்கிறாள். திட்ட நினைத்த வாயை மூடிக்கொண்டேன். சில ஆண்டுகளுக்கு முன் அதே எபிசோடுக்கு நானும் விடிய விடிய விழித்திருந்தவள்தான்.

பார்க்காதவர்களுக்காக நாலு வரி. 2016இல் கொரியாவின் எஸ்.பி.எஸ். தொலைக்காட்சியில் வந்த தொடர். ஐயூ நடித்த இக்காலத்துப் பெண் ஒருத்தி, சூரிய கிரகணத்தன்று தண்ணீரில் மூழ்கி, 941ஆம் ஆண்டின் கோரியோ நாட்டில் (அந்தக் காலத்துக் கொரியா) ஹே சூ என்ற பெண்ணாகக் கண்விழிக்கிறாள். சுற்றிலும் இளவரசர்கள். அவர்களில் முகத்தில் தழும்போடு முகமூடி அணிந்து திரியும் நான்காம் இளவரசன் வாங் சோவாக லீ ஜூன் கி. பிற்காலத்தில் குவாங்ஜோங் என்று அழைக்கப்படப்போகும் அரசன் அவன்தான். இரத்தக்கறை படிந்த அரசன் என்று அவள் பள்ளியில் படித்த அதே ஆள்.

அந்தக் கடிதக் கதையையும் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் அந்த விசும்பலுக்குப் பொருள் விளங்காது. சோ எழுதித் தந்த கவிதையைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகியவள் ஹே சூ. அதனால் அவள் கையெழுத்தும் அரசனின் கையெழுத்தும் ஒன்றுபோலவே இருக்கும். அரண்மனையை விட்டு வெளியேறி, பதினான்காம் இளவரசன் ஜுங்கின் வீட்டில் சாகக் கிடக்கும்போது ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லிச் சோவுக்கு எழுதுகிறாள். அரசனின் கையெழுத்து வெளியிலிருந்து வந்தால் ஊர் என்ன பேசுமோ என்று பயந்து, ஜுங் அதன்மேல் இன்னொரு உறை போட்டுத் தன் கையால் எழுதி அனுப்புகிறான். தம்பியின் கையெழுத்தைக் கண்ட எரிச்சலில் சோ அதைத் தொடாமலே ஒதுக்கிவிடுகிறான். அவள் வாசலைப் பார்த்துக்கொண்டே போய்ச்சேருகிறாள். எழுதும்போதே இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது.

கொரியாவில் இந்தத் தொடருக்குப் பெரிய வரவேற்பு இருந்ததாகச் சொல்ல முடியாது. முழுவதையும் முன்கூட்டியே படமாக்கி முடித்திருந்தார்கள்; பார்வையாளர் சொல்வதைக் கேட்டு நடுவில் மாற்ற வழியில்லை. அதே நேரத்தில் இன்னொரு சேனலில் ஓடிய அரண்மனைக் காதல் தொடர் ஊரையே தன் பக்கம் இழுத்துக்கொண்டது. ஐயூவின் நடிப்பைத் தொடக்கத்தில் கேலி செய்தார்கள். இயக்குநர் கிம் கியூ டே முகங்களுக்கு அத்தனை நெருக்கத்தில் கேமராவை வைத்ததையும் குறை சொன்னார்கள். அந்தக் குறை எனக்கும் உண்டு, மூக்கு நுனியைத் தவிர அரண்மனையில் வேறு எதுவும் இல்லையா என்று சில இடங்களில் தோன்றும். ஆனால் வெளிநாட்டு ரசிகர்கள் இதை விடவே இல்லை. இத்தனை ஆண்டுகள் கழித்தும் இரண்டாவது சீசன் எங்கே என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள்.

அவர்கள் இரண்டு கட்சி. ஹே சூ அவனைத் தனியே விட்டுப் போனவள், நன்றி கெட்டவள் என்பது ஒரு கட்சி. அவளுடைய தோழி சே ரியோங்கை அடித்தே கொல்லவைத்தவனுடன் எந்தப் பெண் குடும்பம் நடத்துவாள் என்பது மறு கட்சி. இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனால் இரண்டு கட்சியும் ஒன்றைப் பேசுவதில்லை: ஹே சூவுக்கு அவனைப் பற்றி ‘முன்பே தெரியும்’ என்பதுதான் அவளுக்கு நேர்ந்த கேடு. அவன் அரியணை ஏறுவதற்கு முன்பே, எட்டாம் இளவரசன் உக்கிடம் சோவிடம் எச்சரிக்கையாக இருக்கச் சொல்கிறாள். அண்ணன் தம்பிக்குள் பகை முளைக்க அந்த ஒரு சொல்லும் விதையாகிறது. பாடப்புத்தகத்தின் ஒரு வரியை வைத்துக்கொண்டு எதிரில் நிற்கும் மனிதனைப் படித்தாள்.

நாமும் அதைத்தானே செய்கிறோம்? பத்தாவது எபிசோடு வந்ததும் விக்கிப்பீடியாவைத் திறந்து யார் எப்போது சாவார் என்று பார்க்காத ரசிகர் இருந்தால் கை தூக்குங்கள். நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு நிறுத்த முடியவில்லை, அங்கிருந்து வேறு வேறு இடங்களுக்குப் போனேன். அப்போதுதான் அந்த ஒரு வரியை எழுதியவர்கள் யார் என்று தெரிந்தது.

குவாங்ஜோங் ஆண்டது 949 முதல் 975 வரை. 956இல் அடிமைகளின் பூர்வீகத்தை விசாரித்து, முறைகேடாக அடிமையாக்கப்பட்டவர்களை விடுவிக்கும் சட்டம் கொண்டுவந்தான். அடிமைதான் பெருங்குடியினரின் சொத்து, அவர்களின் படையும் அதுவே. 958இல் சீனாவிலிருந்து வந்த ஷுவாங் ஜி என்பவரின் யோசனைப்படி அரசுப் பணிக்குத் தேர்வு முறையைத் தொடங்கினான். பிறப்பைக் காட்டிப் பதவி வாங்கியவர்களுக்கு அடுத்த அடி. 960இலிருந்து களையெடுப்பு. சிறைகள் நிறைந்து தற்காலிகச் சிறைகள் கட்டும் அளவுக்குப் போனது. தன் அண்ணன்மார் பெற்ற பிள்ளைகளையும் அவன் விட்டுவைக்கவில்லை.

982இல், சோங்ஜோங் அரசனுக்கு அமைச்சர் சோய் சுங் நோ ஓர் அறிக்கை கொடுத்தார். அதில் முந்தைய ஐந்து அரசர்களையும் எடைபோட்டார். குவாங்ஜோங்கின் முதல் எட்டு ஆண்டுகள் பொற்காலம் போல இருந்தன, ஷுவாங் ஜி வந்த பிறகு எல்லாம் கெட்டது என்பது அவருடைய கணக்கு. அதாவது அடிமைச் சட்டம் வந்த காலத்தோடு நல்ல ஆட்சி முடிந்துவிடுகிறது! அடிமைகளை விடுவித்ததால் கீழோர் மேலோரை இகழ்ந்தார்கள் என்ற வருத்தம் அவருக்கு. 987இல் விடுதலையானவர்களில் பலரை மறுபடியும் அடிமைகளாக்கச் சட்டமே வந்துவிட்டது. விடுதலையான அடிமை எவரும் அறிக்கை எழுதி நமக்கு விட்டுச்செல்லவில்லை. எழுதத் தெரிந்தவர்கள் யார், இழந்தவர்கள் யார் என்று பார்த்தால் இரண்டும் ஒரே கூட்டம்.

இதில் எனக்கு மிகவும் பிடித்த செய்தி ஒன்று உண்டு. தொடரில் நாம் கரித்துக்கொட்டிய இளவரசி யோன் ஹ்வா இருக்கிறாளே, அவள் வரலாற்றில் அரசி தேமோக், குவாங்ஜோங்கின் மனைவி; அவனுடைய மாற்றாந்தாய்க்குப் பிறந்த தங்கையும்கூட. (தங்கையையா கட்டினான் என்று முகம் சுளித்தவர்களுக்கு: கோரியோ அரசகுலத்தில் அதிகாரம் வெளியே போகாமலிருக்க அது வழக்கம்.) 956 சட்டம் வேண்டாம் என்று அவள் கணவனிடம் மன்றாடியதாகவும் அவன் கேட்கவில்லை என்றும் பதிவு இருக்கிறது. அவள் தாய்வீடும் பெருங்குடிதான். தொடரில் அவளைப் பொறாமைக்காரியாக மட்டும் காட்டிவிட்டார்கள். என் கண்ணுக்கு இந்தச் சண்டை எந்தக் காதல் காட்சியையும் விடச் சூடானது. படுக்கையறையில் கணவனும் மனைவியும் அடிமைச் சட்டத்தைப் பற்றி வாதாடும் ஓர் எபிசோடை யாராவது எழுதினால் முதல் ஆளாக உட்கார்ந்து பார்ப்பேன்.

இதையெல்லாம் மறுநாள் அக்காள் மகளிடம் சொன்னேன். “அப்படியென்றால் அவன் நல்லவனா, சித்தி?” என்றாள் ஆசையோடு. இல்லையடி என்றேன். அண்ணன் பிள்ளைகளைக் கொன்றவனை நல்லவன் என்று சொல்ல எனக்கு நாக்கு வராது. கெட்டவன் என்று முடித்துவிடவும் மனமில்லை.

இரண்டாவது சீசன் கேட்பவர்களுக்கு ஒரு செய்தி. இதன் மூலமான சீனத் தொடர் 2011இல் வந்தது; அதில் கதை சிங் வம்சத்து அரண்மனையில் நடக்கும். அங்கும் ரசிகர்கள் இதே அழுகை அழுதார்கள். இக்காலத்தில் நடப்பதாக ஒரு தொடர்ச்சியும் 2014இல் எடுத்துக்கொடுத்தார்கள். மூலத்தைக் கொண்டாடுவதுபோல அதைக் கொண்டாடும் ஒருவரை நான் இன்னும் சந்திக்கவில்லை. மூலத்தில் நடித்த நாயகனும் நாயகியும் நிஜ வாழ்வில் திருமணம் செய்துகொண்டார்கள் என்பதுதான் அந்த ரசிகர்களுக்குக் கிடைத்த ஆறுதல். நமக்கு அதுவும் இல்லை. கண்காட்சியில் மாட்டியிருக்கும் ஓவியங்களுக்கு முன் நின்று, தனியே விட்டு வந்ததற்கு மன்னிப்புக் கேட்டு ஐயூ அழுவதோடு சரி. எனக்கு அது போதும்.

அக்காள் மகளுக்குப் போதவில்லை. நேற்று மறுபடியும் முதல் எபிசோடிலிருந்து தொடங்கிவிட்டாள். இந்த முறை யோன் ஹ்வாவைக் கவனித்துப் பார்க்கப்போகிறாளாம். ஜுங்கை மட்டும் மன்னிக்க முடியாது என்கிறாள். அந்த மேலுறை விஷயத்தில் நானும் அவள் கட்சிதான்.