பிள்ளை சூட்டிகைதான், அதுக்கு என்ன செய்யப் போறோம்?

திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் இறங்கிப் பாளையங்கோட்டை மார்க்கெட் வரைக்கும் வந்தால் போதும், ஆறாம் வகுப்பிலிருந்தே நீட், ஜேஇஇ பவுண்டேஷன் என்று பிளக்ஸ் போர்டுகள். பிள்ளை கொஞ்சம் சூட்டிகையாக இருந்துவிட்டால் நம் ஊரில் எல்லாருக்கும் தோன்றுவது இந்த ஒரே வழிதான். "பிள்ளை நல்லாப் படிக்கால்லா, இப்பவே கோச்சிங்ல போட்டுருங்க" என்று கல்யாண வீட்டுப் பந்தியில் பக்கத்து இலைக்காரர் வரை சொல்லிவிட்டுப் போகிறார். எனக்கு இதில் உடன்பாடு கிடையாது.

அங்கே சொல்லிக் கொடுப்பது அதே பாடம்தான். கொஞ்சம் முன்கூட்டி, நிறையக் கூடுதலாக. ஒரு கணக்கைப் பார்த்ததுமே பிடித்துக்கொள்கிற பிள்ளைக்கு அதே மாதிரி நாற்பது கணக்கு கொடுத்தால் அது தண்டனை. அந்தப் பிள்ளைக்கு வேண்டியது ஒரே ஒரு கணக்கு. ஆனால் அது சாப்பிடும்போதும் குளிக்கும்போதும் மண்டையைக் குடையவேண்டும். கூடவே, அதைப் பற்றி வாய் ஓயாமல் பேசினால் எரிந்து விழாமல் கேட்க ஒரு ஆள். மற்றதெல்லாம் அப்புறம்.

அரசாங்கம் ஒன்றும் செய்யவில்லை என்று சொல்லமாட்டேன். எட்டாம் வகுப்பில் என்எம்எம்எஸ் என்ற உதவித்தொகைத் தேர்வு இருக்கிறது. அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிப் பிள்ளைகள் எழுதலாம், வீட்டு வருமானம் வருடம் மூன்றரை லட்சத்துக்குள் இருக்கவேண்டும். தேறினால் ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை மாதம் 1000 ரூபாய். ஒன்பதில் ஊரகத் திறனாய்வுத் தேர்வு, மாவட்டத்துக்கு 50 பையன்கள், 50 பெண்கள். முதலமைச்சர் திறனாய்வுத் தேர்வும், பதினொன்றில் தமிழ் இலக்கியத் திறனறித் தேர்வும் உண்டு. பின்னதில் 1500 பேருக்கு இரண்டு வருடம் மாதம் 1500 ரூபாய். விண்ணப்பம் பள்ளி வழியாகத்தான் போகும் என்பதால், தேதி தப்பாமல் டீச்சரிடம் கேட்டுக்கொண்டே இருப்பது பெற்றோர் வேலை.

அந்தக் காசு சில வீடுகளில் பிள்ளையின் படிப்பையே நிறுத்தாமல் காப்பாற்றும், தெரியும். ஆனால் தேறிய பிள்ளை மறுநாள் அதே பெஞ்சில் உட்கார்ந்து, தனக்கு ஏற்கெனவே தெரிந்த அதே பாடத்தைத்தான் கேட்கிறது. தேர்வு வைத்துப் பொறுக்கி எடுக்கிறோம். எடுத்த பிறகு கற்பிப்பதில் ஒன்றும் மாறுவதில்லை. விடுதியோடு கூடிய மாதிரிப் பள்ளிகள் வந்தது நல்ல விஷயம்தான். ஆனால் அங்கேயும் குறி நுழைவுத்தேர்வு. (மத்திய அரசின் நவோதயா பள்ளிகள் நம் மாநிலத்துக்கு வராத கதையை இங்கே இழுக்கவில்லை, கமெண்டில் சண்டை வேண்டாம்.)

பொறுக்குவதாவது ஒழுங்காக நடக்குமா? 1921-ல் லூயிஸ் டெர்மன் என்ற உளவியலாளர் கலிபோர்னியாவில் நுண்ணறிவுச் சோதனை வைத்து, ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பிள்ளைகளை 'மேதைகள்' என்று தேர்ந்தெடுத்து வாழ்நாள் முழுக்கக் கவனித்தார். அந்தச் சோதனையில் தேறாமல் வெளியே நின்ற இரண்டு பையன்கள் வில்லியம் ஷாக்லி, லூயிஸ் ஆல்வரெஸ். பிறகு 1956-லும் 1968-லும் இயற்பியல் நோபல் வாங்கியவர்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட கூட்டத்திலிருந்து ஒருவருக்கும் நோபல் வரவில்லை.

முக்கூடல் பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு வீடு, பீடி சுற்றும் வீடு. கடையில் இலை, தூள், நூல் வாங்கி வந்து சுற்றி, கட்டுக் கட்டி, திரும்பக் கொண்டுபோய்க் கொடுப்பார்கள். கட்டுக்கு 25, ஆயிரத்துக்கு 40 கட்டு. அதில் கழிவு என்று கடைக்காரர் தள்ளுவது தனி. அந்த வீட்டில் நாலாம் வகுப்புப் பிள்ளை ஒன்று. அம்மா கடையிலிருந்து வந்ததும் வாங்கிய இலை எவ்வளவு, கழிவு எவ்வளவு என்று கேட்டு, இந்த வாரம் இலை மோசம், இப்படியே போனால் மாதத்தில் இத்தனை ரூபாய் அடிபடும் என்று மனக்கணக்காகச் சொல்லிவிடுகிறாள். விகிதம், சராசரி என்று யாரும் அவளுக்குச் சொல்லித் தந்ததில்லை. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'கையெழுத்து மோசம், வாய் ஜாஸ்தி'. அவள் அம்மா என்னிடம் பெருமையாகச் சொன்னது, "விரலு வெரசா ஓடுது, நாளைக்கு நல்லா பீடி சுத்துவா." அந்த அம்மாவை நான் குறை சொல்லமாட்டேன். வேறு எதைக் கனவு காணலாம் என்று அவரிடம் யார் போய்ச் சொன்னது? செங்கோட்டையில் பள்ளிப்படிப்பை முடித்து, நம் அரசு பொறியியல் கல்லூரியில் படித்து, சூரியனை ஆராயும் இஸ்ரோவின் ஆதித்யா எல்1 திட்டத்துக்கே இயக்குநரான நிகர் ஷாஜி பெயரை அந்தத் தெருவில் எத்தனை பேர் கேட்டிருப்பார்கள்?

சரி, நம் ஊரில் என்ன இருக்கிறது? நினைப்பதைவிட நிறைய. கொக்கிரகுளத்தில் ஆற்றங்கரையில் மாவட்ட அறிவியல் மையம் 1987-லிருந்து இருக்கிறது. பள்ளிச் சுற்றுலாவில் வரிசையாக ஓட்டிக்கொண்டு போய் அரை நாளில் முடித்துவிடுகிறோம். பிள்ளையை மட்டும் கூட்டிக்கொண்டு போய் ஒரே கருவி முன்னால் ஒரு மணி நேரம் விடுங்கள், "வா வா, நேரமாச்சு" என்று மட்டும் சொல்லாதீர்கள்.

கிருஷ்ணாபுரத்துக்குக் கோயில் சிற்பம் பார்க்கப் போகிறோம். அதே ஊரில் இந்தியப் புவிகாந்தவியல் நிறுவனத்தின் ஆய்வகம் இருப்பது பலருக்குத் தெரியாது. பூமியின் காந்த நடுக்கோடு நம் தெற்குச் சீமையை ஒட்டிப் போவதால்தான் அதை இங்கே கொண்டுவந்து வைத்தார்கள். காந்தமேற்றிய ஊசியை நடுவில் நூல் கட்டித் தொங்கவிட்டால் நம் வீட்டில் ஏறக்குறைய மட்டமாக நிற்கும். டெல்லியில் நன்றாகவே சாயும். ஏன் என்று பிள்ளை கேட்டால், சூட்டிகையான பிள்ளை கட்டாயம் கேட்கும், பதிலைத் தேட ஒரு வாரம் கொடுங்கள்.

புத்தகத்துக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகம். குழந்தைகள் பகுதியோடு நிறுத்தவேண்டாம். தமிழ்நாட்டுப் பாடநூல்கள் பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழிலேயே இணையத்தில் இலவசம். ஏழாம் வகுப்புப் பிள்ளை பதினொன்றாம் வகுப்பு இயற்பியலைப் புரட்டினால் யார் தடுக்கப் போகிறார்கள்? தமிழ்நாடு அறிவியல் இயக்கத்தின் துளிர் இதழ் இருக்கிறது. 10 முதல் 17 வயது வரைக்குமான தேசியக் குழந்தைகள் அறிவியல் மாநாட்டில் பிள்ளைகள் தங்கள் ஊர்ப் பிரச்சினையை எடுத்து ஆய்வு செய்யலாம். கணக்கில் பித்து உள்ளவர்களுக்கு ஐஓக்யூஎம், அதாவது கணித ஒலிம்பியாடின் முதல் கட்டத் தேர்வு: மூன்று மணி நேரம், 30 கேள்விகள், எதிலும் சூத்திரத்தில் போட்டு விடை எடுக்கமுடியாது. ஆனால் கேள்வித்தாள் ஆங்கிலத்திலும் இந்தியிலும்தான். தமிழ்வழிப் பிள்ளைக்கு அந்த வாசலில் ஒரு பெரியவர் துணைக்கு நிற்கவேண்டியிருக்கிறது. வெட்கக்கேடு, ஆனால் நிலைமை அதுதான்.

பள்ளிகளிடம் கேட்பதற்கு எனக்கு ஒன்று உண்டு. 1971-ல் அமெரிக்காவில் ஜூலியன் ஸ்டான்லி தொடங்கிய ஆய்வில், கணக்கில் வல்ல பிள்ளைகளைக் கணக்கில் மட்டும் வேகமாகப் போகவிட்டார்கள். அது இங்கேயும் முடியும். ஆறாம் வகுப்புப் பிள்ளை கணக்குப் பீரியடுக்கு மட்டும் எட்டாம் வகுப்பில் போய் உட்காரட்டும்; பதிவேட்டில் ஆறாம் வகுப்பாகவே இருக்கட்டும். தலைமையாசிரியர் மனது வைத்தால் போதும். ஆனால் மொத்தமாக வகுப்புத் தாண்ட வைப்பது எனக்குப் பிடிக்காது. பத்து வயதுப் பிள்ளைக்குப் பத்து வயதுச் சண்டையும் விளையாட்டும் வேண்டும்.

இன்னொரு வகைப் பிள்ளைகள் உண்டு. பேச்சில் அசத்தும், எழுதச் சொன்னால் எழுத்து தலைகீழாகும். கற்றல் குறைபாடும் அபாரத் திறமையும் ஒரே பிள்ளையிடம் இருக்கலாம். ஒன்று மற்றொன்றை மறைத்துவிடுவதால் இரண்டுமே யார் கண்ணிலும் படாமல் சராசரி என்று முத்திரை விழும். டிஸ்லெக்சியா (எழுதப் படிக்கத் தடுமாறும் குறைபாடு) சான்றிதழ் இருந்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரமும் சொல்வதை எழுத ஆளும் கிடைக்கும். சோம்பேறி என்று திட்டுவதற்கு முன்னால் ஒரு பரிசோதனை செய்துவிடுங்கள். ராமானுஜன் கும்பகோணம் கல்லூரியில் கணக்கை மட்டுமே பார்த்து மற்றப் பாடங்களில் கோட்டைவிட்டு உதவித்தொகையை இழந்த கதை எல்லாருக்கும் தெரியும். நம் பள்ளிகளில் அது இன்றைக்கும் அப்படியே நடக்கும்.

இதைப் படித்துவிட்டு "அப்போ பவுண்டேஷன்ல சேக்க வேண்டாமா?" என்று இன்பாக்ஸில் கேட்கப் போகிறவர்களுக்கு: பிள்ளை தானாகக் கேட்டால் பத்தாம் வகுப்புக்கு மேல் சேருங்கள். அதுவரைக்கும் அந்தப் பணத்தில் ஒரு நல்ல பைனாகுலர் வாங்குங்கள். 2011-லிருந்து மணிமுத்தாறில் உள்ள ஏட்ரீ என்ற சூழலியல் ஆய்வு அமைப்பின் மையத்தினர் ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு நடத்துகிறார்கள், தன்னார்வலர்களையும் சேர்த்துக்கொள்கிறார்கள். பெரியவர் ஒருவர் கூடப் போகவேண்டும். விடியற்காலையில் எழுந்திருக்கவேண்டும் என்பதால் பெரும்பாலான அப்பாக்கள் இங்கேதான் கழன்றுகொள்வார்கள். அம்மாவோ சித்தப்பாவோ போகலாம்.