ஊற்றின் வேலிக்குக் கணக்குத் தலைப்பு இல்லை

சிற்றூர்களின் குடிநீருக்கு யாரும் பணம் ஒதுக்குவதில்லை என்று பொதுவாகச் சொல்லப்படுவதை நான் முழுவதும் ஏற்பதில்லை. குழாய் பதிக்கப் பணம் வருகிறது, மேல்நிலைத் தொட்டி கட்டப் பணம் வருகிறது, நீர் கெட்டுப்போன பிறகு சுத்திகரிப்பு இயந்திரம் வாங்கவும் எங்கிருந்தோ பணம் வந்துவிடுகிறது. அந்தக் குழாய்க்குள் வந்து சேரும் நீர் எந்த மண்ணின் வழியாக இறங்கி வருகிறதோ, அந்த மண்ணைக் காப்பதற்குத்தான் பணம் வருவதில்லை. இதைப் பலரிடம் பேசியிருக்கிறேன். கேட்பவர்கள் மறுப்பதும் இல்லை. எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டுவிட்டு, "அந்தச் செலவை எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது?" என்று கேட்கிறார்கள். சிக்கல் முழுவதும் அந்த ஒரு கேள்விக்குள் அடங்கியிருப்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

நீராதாரத்தைக் காப்பது என்றால் நடைமுறையில் என்ன செய்கிறோம் என்பதை முதலில் சொல்ல வேண்டும். ஊற்றாக இருந்தால், நீர் கசியும் கண்ணைச் சுற்றி மூடிய தொட்டி கட்டி, அதன் மேல்புறச் சரிவில் மழைநீரைத் திருப்பிவிடும் வாய்க்கால் வெட்டி, கால்நடைகள் நெருங்காதபடி வேலி போட வேண்டும். ஆழ்துளைக் கிணறாக இருந்தால், துளைக்குள் இறக்கிய உறைகுழாயைச் சுற்றியுள்ள இடைவெளியைச் சிமென்ட் கலவையால் அடைத்து, மேலே சரிவான மேடை அமைத்து, அருகிலுள்ள கழிவறைக் குழிகளையும் எருக் குவியல்களையும் தள்ளி வைக்க வேண்டும். கைவிடப்பட்ட பழைய கிணறுகளைத் தேடிப்பிடித்து முறையாக மூடுவதும் இதில் சேரும்; மேற்பரப்பு அழுக்கு எந்த வடிகட்டலும் இல்லாமல் நேரே நிலத்தடி நீரில் இறங்குவதற்கு அவற்றைவிட வசதியான வழி கிடையாது. இதுவரை சொன்னவை ஒருமுறை செய்து முடிக்கும் கட்டுமானங்கள். இவற்றுக்குச் செலவும் பெரிதல்ல.

கடினமான பகுதி வேலிக்கு வெளியே தொடங்குகிறது. ஜெர்மனியில் குடிநீர்க் கிணறுகளைச் சுற்றி மூன்று வளையங்கள் வரையறுக்கப்படுகின்றன. முதல் வளையம் கிணற்றைச் சுற்றிக் குறைந்தது 10 மீட்டர்; அங்கே நீர் எடுப்பதைத் தவிர வேறு எதற்கும் இடமில்லை. இரண்டாவது வளையம், நிலத்தடி நீர் கிணற்றை வந்தடைய 50 நாள் ஆகும் தொலைவு வரை நீள்கிறது. நோய்க்கிருமிகளில் பெரும்பாலானவை அத்தனை நாள் மண்ணுக்குள் தாக்குப்பிடிப்பதில்லை என்பதே அந்த எண்ணுக்கு அடிப்படை. மூன்றாவது வளையம் நீர்ப்பிடிப்புப் பகுதி முழுவதையும் தழுவியது. இரண்டாம், மூன்றாம் வளையங்களில் நிலம் வேறொருவருடையது, அதில் பயிர் நிற்கிறது, அவருடைய பிழைப்பு அதில் இருக்கிறது. எப்போது எரு போடலாம், எவ்வளவு உரம் இடலாம், எந்தப் பூச்சிக்கொல்லியைத் தவிர்க்க வேண்டும் என்று அவரோடு பேசி, அதனால் அவருக்கு ஏற்படும் இழப்பை ஆண்டுதோறும் ஈடுசெய்ய வேண்டும். இந்தப் பேச்சுக்கும் ஈட்டுக்கும் திறப்பு விழா நடத்த முடியாது, கல்வெட்டில் பெயர் பொறிக்க முடியாது. பணம் வராததற்கு இது சிறிய காரணம் அல்ல என்றே நினைக்கிறேன்.

கனடாவின் ஒன்டாரியோ மாநிலத்தில், 5000 பேருக்கும் குறைவானவர்கள் வாழ்ந்த வாக்கர்டன் என்ற ஊரில் 2000ஆம் ஆண்டு மே மாதம் நடந்ததை இந்தத் துறையில் இருப்பவர்கள் மறப்பதில்லை. பலத்த மழைக்குப் பிறகு, பக்கத்துப் பண்ணையில் இடப்பட்டிருந்த மாட்டெருவிலிருந்து கிருமிகள் ஆழமற்ற ஒரு கிணற்றுக்குள் இறங்கின. 7 பேர் இறந்தார்கள், ஏறத்தாழ 2300 பேர் நோயுற்றார்கள். குளோரின் சரியாகக் கலக்கப்படவில்லை என்பதும் பதிவேடுகளில் பொய்யான அளவுகள் எழுதப்பட்டிருந்தன என்பதும் விசாரணையில் வெளிவந்தன. பொதுவாக இந்தக் கதை அதோடு முடிக்கப்பட்டுவிடுகிறது. பொறுப்பற்ற ஊழியர்கள், அவ்வளவுதான். ஆனால் நீதிபதி டென்னிஸ் ஓகானர் தலைமையிலான விசாரணை ஆணையம் அங்கே நிற்கவில்லை. அந்தக் கிணறு 1978இல் தோண்டப்பட்டபோதே, மேற்பரப்பு நீர் எளிதில் கலக்கக்கூடிய இடத்தில் அது இருப்பது தெரிந்திருந்தது என்றும், எருவிட்ட பண்ணையாளர் முறைப்படியே நடந்துகொண்டார், அவர்மீது குற்றமில்லை என்றும் ஆணையம் பதிவு செய்தது. யாரும் விதியை மீறாமலேயே நீராதாரம் கெட முடியும் என்பதுதான் அதன் பொருள். ஆணையத்தின் 121 பரிந்துரைகளில் 22 நீராதாரப் பாதுகாப்பைப் பற்றியவை. அவற்றின் விளைவாக 2006இல் ஒன்டாரியோ தனிச் சட்டமே இயற்றியது. வேடிக்கை என்னவென்றால், அந்தச் சட்டத்தின் திட்டங்களும் முதன்மையாக நகராட்சிக் குடிநீர் அமைப்புகளைச் சுற்றியே வரையப்பட்டன. சொந்தக் கிணற்றை நம்பியிருக்கும் சிதறிய குடியிருப்புகள் பெரும்பாலும் வெளியே நின்றுவிட்டன.

"சுத்திகரிப்பு இருக்கும்போது எதற்கு இத்தனை பாடு?" என்று கேட்பவர்களுக்கு நான் நைட்ரேட்டைக் காட்டுவது வழக்கம். உரத்திலிருந்தும் எருவிலிருந்தும் நிலத்தடி நீரில் சேரும் நைட்ரேட்டைக் குளோரின் ஒன்றும் செய்யாது. கொதிக்க வைத்தால் நீர் ஆவியாகி, எஞ்சும் நீரில் அதன் செறிவு கூடத்தான் செய்யும். உலக சுகாதார நிறுவனம் லிட்டருக்கு 50 மில்லிகிராம் என்று வரம்பு வைத்திருப்பது முக்கியமாகப் பச்சிளங்குழந்தைகளை நினைத்து, ஏனெனில் அவர்களின் இரத்தம் ஆக்சிஜனைச் சுமக்கும் திறனை அது குறைத்துவிடும். நைட்ரேட்டை நீக்க, அதை வேறு உப்பயனிக்கு மாற்றிப் பிடிக்கும் அயனிப் பரிமாற்றமோ, நுண்சவ்வு வழியாக நீரை அழுத்திப் பிரிக்கும் எதிர்ச் சவ்வூடுபரவலோ வேண்டும். அதாவது மின்சாரம், மாற்று உதிரிகள், பயிற்சி பெற்ற ஓர் ஆள், கழிவாக வெளியேறும் உப்புநீரைக் கொட்ட ஓர் இடம் ஆகிய எல்லாம் வேண்டும். லட்சம் வீடுகள் உள்ள நகரம் இவற்றை ரசீதில் பகிர்ந்துகொள்ளும். நூறு வீடுகள் என்ன செய்யும்? இயந்திரத்தை மானியத்தில் வாங்கிவிட்டு, சவ்வு அடைபட்டவுடன் பூட்டி வைக்கும். மண்ணில் இறங்கிவிட்ட நைட்ரேட் பல ஆண்டுகள், சில இடங்களில் பல பத்தாண்டுகள்கூட, வெளிவந்துகொண்டே இருக்கும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இறங்கவிடாமல் தடுப்பதன் மதிப்பு தெரியும்.

பெருநகரங்கள் இந்தக் கணக்கை எப்போதோ போட்டுப் பார்த்துவிட்டன. நியூயார்க் நகரம் 1997இல் கேட்ஸ்கில், டெலவேர் நீர்ப்பிடிப்புப் பகுதிகளிலுள்ள ஊர்களோடு ஒப்பந்தம் செய்துகொண்டு, நிலம் வாங்கவும் பண்ணைகளைச் சீர்செய்யவும் கழிவுநீர்த் தொட்டிகளைப் பழுதுபார்க்கவும் செலவழித்தது. பல நூறு கோடி டாலர் விழுங்கக்கூடிய வடிகட்டு நிலையம் கட்டுவதைவிட அது மலிவு என்று நகரம் கண்டுகொண்டது. மியூனிக் நகரின் நீர் நிறுவனம் 1992 முதல் தனக்கு நீர் தரும் மாங்ஃபால் பள்ளத்தாக்கின் உழவர்களுக்கு, இயற்கை வேளாண்மைக்கு மாறுவதற்காகப் பணம் கொடுத்து வருகிறது. இவை நல்ல எடுத்துக்காட்டுகள்தாம். கருத்தரங்குகளில் இவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்கும்போது எனக்கு எரிச்சல் வருவதற்குக் காரணம், இரண்டுமே பணமுள்ள நகரம் தன் நீருக்காகப் பிறர் நிலத்தில் செலவழித்த கதைகள் என்பதுதான். சிற்றூருக்கு அந்த வழி திறந்திருக்கவில்லை. ஒரு நீர் மாதிரியைச் சோதிக்க ஆய்வகம் வாங்கும் கட்டணம், அந்த நீரை 200 பேர் குடித்தாலும் 20000 பேர் குடித்தாலும் ஒன்றுதான். நிலத்தடி நீரின் போக்கை வரைபடமாக்கும் நிலவியலாளரின் ஊதியமும் தலைக்கணக்கில் குறைவதில்லை. பயனாளிகள் குறையக் குறைய ஒவ்வொருவர் தலையிலும் சுமை ஏறுகிறது. அதனால்தான் 'பயனாளிகளே செலவை ஏற்கட்டும்' என்ற பொருளாதாரப் பாடம் சிற்றூரில் தோற்றுப்போகிறது.

சரி, மானியம் உண்டே என்றால், அதன் வடிவம் அடுத்த தடை. போட்டி விண்ணப்பம், ஊரின் பங்குத்தொகை, முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு பெற்றுக்கொள்ளும் முறை, மூன்றாண்டில் முடிக்க வேண்டிய கெடு என்று நான்கு நிபந்தனைகள் பெரும்பாலும் சேர்ந்தே வருகின்றன. இத்தகைய விண்ணப்பங்களைப் படித்து மதிப்பெண் போடும் வேலை சில காலம் எனக்கு வாய்த்தது. நன்றாக எழுதப்பட்டவை ஏற்கெனவே பொறியாளரும் கணக்காளரும் உள்ள ஊர்களிலிருந்து வந்தன. மோட்டாரைப் போடுபவரே வால்வைத் திருப்பி, கட்டணம் வசூலித்து, பகலில் வேறு வேலைக்கும் போகும் ஊர்களிலிருந்து வந்தவை அரைகுறையாக இருந்தன. சில ஊர்களிலிருந்து எதுவுமே வரவில்லை. நாங்கள் நேர்மையாகத்தான் மதிப்பெண் போட்டோம். நீராதாரம் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்கு அல்லாமல் எழுதத் தெரிந்த கைக்குத்தான் அந்த மதிப்பெண் போய்ச் சேர்ந்தது என்பது எனக்கு உறைக்க நாளாயிற்று.

வேறு வடிவங்கள் இல்லாமல் இல்லை. ஜெர்மனியின் பாடன்-வூர்ட்டெம்பெர்க் மாநிலம் 1988இல், நீர் எடுப்போர் மீது, மக்கள் 'தண்ணீர்க் காசு' என்று அழைத்த ஒரு சிறு கட்டணத்தை விதித்தது. நீர்ப் பாதுகாப்பு வளையங்களுக்குள் உரத்தைக் குறைக்கும் உழவர்களுக்கு ஈடு கொடுக்க வேண்டிய தேவையே அதற்குப் பின்னணி. மாநிலம் முழுவதும் சுமையைப் பகிர்ந்துகொண்டதால், ஒரு சிற்றூரின் கிணற்றைக் காக்க அந்தச் சிற்றூரின் வசூல் மட்டும் போதுமா என்ற கேள்வியே எழவில்லை. எக்வடோரின் கீட்டோ நகரம் 2000ஆம் ஆண்டில் தன் நீராதாரங்களைக் காக்க வெறும் 21000 டாலரில் ஒரு நீர் நிதியத்தைத் தொடங்கியது. பின்னர் நகரின் நீர் நிறுவன வருவாயில் 2 சதவீதம் அதற்குப் போக வேண்டும் என்று விதியாக்கப்பட்டது. அங்கே நான் கவனிப்பது அந்தத் தொகையை அல்ல, ஆண்டுக்கு ஆண்டு யாரும் விண்ணப்பம் எழுதாமலேயே பணம் வந்து சேர்கிறது என்பதை.

அமெரிக்காவில் 1996இல் திருத்தப்பட்ட குடிநீர்ச் சட்டம், குடிநீர்ப் பணிகளுக்குக் கடனாகக் கொடுத்துத் திரும்பப் பெற்று மீண்டும் கொடுப்பதற்காக நடுவண் அரசு தரும் சுழல்நிதியில் 15 சதவீதம் வரை மாநிலங்கள் நீராதாரப் பாதுகாப்பு உள்ளிட்ட பணிகளுக்குப் பயன்படுத்தலாம் என்றது. 2018ஆம் ஆண்டின் வேளாண் சட்டமோ, நிலப் பாதுகாப்புத் திட்டங்களின் நிதியில் குறைந்தது 10 சதவீதத்தை நீராதாரங்களுக்கு ஒதுக்க வேண்டும் என்றது. 'பயன்படுத்தலாம்' என்பதற்கும் 'ஒதுக்க வேண்டும்' என்பதற்கும் இடையிலுள்ள தொலைவை, வரவுசெலவுத் திட்டம் தயாரிக்கும் அறைக்குள் ஒருமுறை உட்கார்ந்தவர்கள் அறிவார்கள். குழாய் வெடித்து நிற்கும் ஊர் வாசலில் காத்திருக்கும்போது, 'லாம்' என்று முடியும் செலவு எப்போதும் அடுத்த ஆண்டுக்குப் போய்விடும்.

எனக்கு எதிராக வைக்கப்படும் வாதங்களில் ஒன்றை மதிக்கிறேன். நீரைக் கெடுக்காமல் இருப்பதற்கு ஒருவருக்கு ஏன் பணம் தர வேண்டும், கெடுப்பவர்தானே கட்ட வேண்டும்? தொழிற்சாலைக் கழிவைக் கொட்டுபவருக்கும், எரிபொருள் தொட்டி கசிவதைத் தெரிந்தே விட்டுவைப்பவருக்கும் இது முற்றிலும் பொருந்தும். அங்கே ஈடு பற்றிய பேச்சே கூடாது. எல்லா உழவர்களுக்கும் பொதுவான விதி ஒன்று இருக்கும்போது, கிணற்றுக்கு அருகில் நிலம் அமைந்துவிட்ட ஒரே காரணத்தால் அதைவிடக் கடுமையான விதிக்கு உட்படுபவரின் நிலை வேறு. பொதுவிதி வரை அவர் கடமை, அதற்கு மேல் ஊரார் செலவு என்று கோடு போடுவதே எனக்கு நியாயமாகப் படுகிறது. வேலி போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று நான் சொல்வதாகவும் கொள்ள வேண்டாம். வங்கதேசத்தில் குளத்து நீரின் கிருமிகளிலிருந்து தப்பிக்க 1970களிலிருந்து லட்சக்கணக்கில் இறக்கப்பட்ட குழாய்க் கிணறுகளில், பாறைப்படிவிலிருந்தே ஆர்செனிக் கலந்திருப்பது 1993இல்தான் தெரிய வந்தது. அங்கே எந்த வளையமும் உதவியிருக்காது, முன்கூட்டியே செய்யும் சோதனைதான் உதவியிருக்கும். எனவே பாதுகாப்பு நிதியின் முதல் செலவு சோதனையாக இருக்க வேண்டும்.

நான் கேட்பது இவ்வளவுதான். புதிதாக ஒப்புதல் பெறும் ஒவ்வொரு குடிநீர்த் திட்டத்தின் மதிப்பீட்டிலும் ஒரு பங்கு, அந்தத் திட்டத்தின் நீராதாரத்துக்கென்று கட்டாயமாக ஒதுக்கப்பட்டு, செலவழியாவிட்டால் திரும்பிப் போகாத வைப்பாக இருக்க வேண்டும். பத்துப் பதினைந்து சிற்றூர்களுக்குப் பொதுவாக ஒருவரைச் சம்பளத்துக்கு அமர்த்தி, ஊற்றையும் கிணற்றையும் சுற்றி நடந்து பார்க்கவும், மழைக்குப் பின் மாதிரி எடுக்கவும், நிலத்துக்காரரோடு உட்கார்ந்து பேசவும் அவரிடம் பொறுப்பை விட வேண்டும். விண்ணப்பம் எழுதுவதும் அவர் வேலையாக இருக்கட்டும். உலக சுகாதார நிறுவனத்தின் நீர்நிலை ஆய்வுப் படிவங்கள் ஆம், இல்லை என்று விடை எழுதும் சில கேள்விகளைக் கொண்டவை. வேலி உடைந்திருக்கிறதா, மேடையில் விரிசல் இருக்கிறதா, மேல்புற வாய்க்கால் தூர்ந்திருக்கிறதா என்பவை அந்த வகைக் கேள்விகள். அவற்றை நிரப்ப ஒரு முற்பகல் போதும். 'ஆம்' என்று எழுதிய இடங்களைச் சரிசெய்ய யார், எந்தத் தலைப்பில் பணம் தருவார் என்ற வரி மட்டும் அந்தப் படிவத்தில் இல்லை.