'குடும்பத்துக்கு ஏற்றது' என்று அச்சடிக்கிறவர்களே, பதினேழு வயதுப் பிள்ளையை எங்கே படுக்க வைப்பீர்கள்?

ஆற்றுக் கப்பல் பயணம் விற்கிறவர்கள் கையேட்டின் அட்டையிலேயே 'குடும்பத்துக்கு ஏற்றது' என்று போட்டுவிடுகிறார்கள். எந்தக் குடும்பத்துக்கு? உள்ளே புரட்டினால் எட்டு வயதுக் குழந்தைக்கு வண்ணம் தீட்டும் வகுப்பு இருக்கிறது, தாத்தா பாட்டிக்கு மெதுவாக நடக்கும் குழு இருக்கிறது. பதினாறும் பதினெட்டும் ஆன இரண்டு பேரைக் கூட்டிப்போகும் வீட்டுக்கு ஒரு வரி கிடையாது. குழந்தையும் இல்லை, பெரியவரும் இல்லை என்று அந்த வயதை நடுவில் விட்டுவிட்டு, கட்டணம் வாங்கும்போது மட்டும் பெரியவர் கணக்கில் சேர்க்கிறார்கள். இதைக் கேட்பாரே இல்லை.

முதலில் வயது விதி. வைக்கிங் நிறுவனம் 18 வயது நிறையாத யாரையும் ஏற்றுவதில்லை. அதை வெளிப்படையாகச் சொல்கிறார்கள்; பிடிக்காவிட்டால் விலகிவிடலாம், அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆத்திரம் வருவது 'எல்லா வயதினரும் வரலாம்' என்று வாயால் சொல்லிவிட்டு, நிபந்தனைகளின் கடைசிப் பக்கத்தில் வேறு மாதிரி எழுதி வைப்பவர்கள் மேல்தான். வயது கணக்கிடுவது கப்பல் ஏறும் நாளை வைத்து. பயணத்தின் நான்காம் நாள் 18 நிறைகிறது என்றால், அந்தப் பயணம் முழுக்க அவர் 17 வயதுக்காரர்தான். பல நிறுவனங்களின் விதிப்படி ஒவ்வொரு கேபினிலும் வயது வந்த ஒருவராவது இருக்க வேண்டும். அது சிலரிடம் 18, சிலரிடம் 21. ஆகவே அண்ணனுக்கும் தங்கைக்கும் ஒரு கேபின், அப்பா அம்மாவுக்கு ஒரு கேபின் என்று நினைத்துப் போனால், அண்ணனுக்கு அந்த வயது நிறையாதவரை புக்கிங் திரை அதை ஏற்காது. ஒரு பெற்றோரும் ஒரு பிள்ளையுமாகப் பிரித்துத்தான் பெயர் போடச் சொல்லும். கப்பலில் ஏறிய பிறகு நீங்கள் மாறிப் படுத்துக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சாதாரணமாகச் சொல்வார். சரி, மாறிக்கொள்ளுங்கள், ஆனால் வரவேற்பு மேசையில் சொல்லிவிட்டு மாறுங்கள். ஆபத்து நேரத்தில் யார் எந்த அறையில் என்று சரிபார்ப்பது அந்தப் பட்டியலை வைத்துத்தான். இந்த ஒரு வாக்கியத்தைக்கூட எந்த ஏஜென்ட்டும் சொல்லிக்கொடுப்பதில்லையே, அதுதான் பொறுக்கவில்லை.

இப்போது கேபினுக்கு வருவோம். இங்கேதான் மொத்த ஏமாற்றமும் குடியிருக்கிறது. ஐரோப்பாவின் ரைன், மைன், டான்யூப் ஆறுகளில் கப்பலின் அகலத்தைத் தீர்மானிப்பது லாக். இருபுறமும் கதவு அடைத்துத் தண்ணீரை ஏற்றி இறக்கிக் கப்பலை மட்டம் மாற்றும் தொட்டி அது. மைன் ஆற்றிலும், 1992இல் முடிந்த 171 கிலோமீட்டர் மைன்–டான்யூப் கால்வாயிலும் அந்தத் தொட்டியின் அகலம் 12 மீட்டர். அதற்குள் நுழைய வேண்டிய கப்பல் 11.4 மீட்டருக்கு மேல் அகலமாக இருக்க முடியாது. நடுவில் நடைபாதை, இரண்டு பக்கமும் அறைகள். மிஞ்சுவது ஒரு கேபினுக்குச் சுமார் 15 சதுர மீட்டர். அதில் ஒரு இரட்டைக் கட்டில், அலமாரி, குளியலறை. மூன்றாவது ஆள் படுக்க இடமே இல்லை. மடக்கு சோபா, மேலே தொங்கும் கட்டில் என்று மூன்று பேருக்கான அறைகள் ஒரு கப்பலில் விரல்விட்டு எண்ணும் அளவுக்குத்தான் இருக்கும். நான்கு பேருக்கான அறை பெரும்பாலான கப்பல்களில் கிடையவே கிடையாது. இரண்டு அறைக்கு நடுவே கதவு உள்ள கேபின்களும் அபூர்வம். அவைதான் முதலில் விற்றுத் தீரும். விதிவிலக்கு வேண்டுமென்றால், டான்யூபில் மட்டும் ஓடும் அமாமேக்னா என்ற கப்பல் 22 மீட்டர் அகலம். அதனால்தான் அது மைன் பக்கம் எட்டிப்பார்க்க முடியாது.

ஆறடி உயரப் பையனுக்கு அந்த மடக்கு சோபாவின் நீளம் எவ்வளவு என்று கேட்டுப்பாருங்கள். 'வசதியாக இருக்கும்' என்று பதில் வரும். எத்தனை சென்டிமீட்டர் என்று திரும்பக் கேளுங்கள். எழுத்தில் எண் வராமல் அட்வான்ஸ் கட்டாதீர்கள். மூன்றாவது படுக்கை குழந்தைகளுக்கான அளவில் இருந்தால், உங்களுக்குத் தேவை இரண்டு கேபின். மூன்று பேர் போகிற வீட்டுக்கும் அதே கதிதான், இரண்டாவது கேபினில் ஒருவரே படுப்பதால் தனி ஆள் கூடுதல் கட்டணம் என்று இரட்டைக் கட்டணம் வரை போய் நிற்கும். இது தெரிந்தால் பட்ஜெட் அடியோடு மாறும். அதனால்தான் கடைசிவரை சொல்வதில்லை.

இரண்டு கேபின் எடுக்கும்போது இன்னொன்று. மிகக் கீழ்த்தளத்தில் ஜன்னல் தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, திறக்க முடியாத சின்னக் கண்ணாடியாக இருக்கும். விலை குறைவு. பகலெல்லாம் வெளியே சுற்றி, இரவு தூங்க மட்டும் வரும் பிள்ளைகளுக்கு அது போதும், உண்மையிலேயே போதும். ஆனால் வால்பக்கக் கடைசி அறைகளைத் தவிர்க்கவும், கீழே இன்ஜின். முன்பக்க முதல் அறைகளையும் தவிர்க்கவும். துறையில் அணையும்போது கப்பலைப் பக்கவாட்டில் தள்ளும் விசிறி அங்கே விடியற்காலையில் உறுமும். 'பிரெஞ்ச் பால்கனி' என்பது பால்கனி இல்லை. நகரும் கண்ணாடிக் கதவும் அதன் முன் ஒரு கம்பியும்தான். காலை வெளியே வைக்க முடியாது. அதற்கும் தனி விலை. நெரிசலான துறைகளில் கப்பல்களை இரண்டு மூன்றாக ஒட்டிக் கட்டும்போது அந்தக் கதவுக்கு எதிரே அடுத்த கப்பலின் படுக்கையறை இருக்கும். திரையை இழுத்து மூட வேண்டியதுதான்.

அடுத்தது ஊர்ப் பெயர் மோசடி. வேறு சொல் தோன்றவில்லை. 'புக்கரெஸ்ட் வரை டான்யூப்' என்பார்கள். புக்கரெஸ்ட் டான்யூப் கரையில் இல்லை. ஜுர்ஜு துறையில் இறங்கி 60 கிலோமீட்டருக்கு மேல் பஸ். 'ப்ராக் முதல் பாரிஸ்' என்பார்கள். கப்பல் ஓடுவது பெரும்பாலும் நியூரம்பெர்க்குக்கும் ட்ரியருக்கும் நடுவேதான். இரு முனைகளும் தரைவழி. சால்ஸ்பர்க் என்று எழுதியிருந்தால் பாசாவிலிருந்தோ லின்ஸிலிருந்தோ பஸ். ஹைடல்பெர்க்கும் அப்படித்தான். பஸ்ஸில் போவது குற்றமில்லை. ஆனால் காலை எட்டரைக்குப் பஸ், இரண்டு மணி நேரப் பயணம், காதில் ஒலிக்கருவி, கொடி பிடித்த வழிகாட்டி பின்னால் ஐம்பது பேர், மதியம் ஒரு மணி நேரம் 'சுதந்திர நேரம்', திரும்பப் பஸ் என்பது பதினேழு வயதுக்காரருக்குத் தண்டனை. அதை மறைத்து ஊர்ப் பெயரை மட்டும் தடித்த எழுத்தில் போடுவது குற்றம்.

இந்த வயதுப் பிள்ளைகளுக்குக் கப்பல் தேர்ந்தெடுக்கும்போது பார்க்க வேண்டியது கப்பலையே அல்ல, கரையில் நிற்கும் மணிக்கணக்கை. கப்பலுக்குள் அவர்களுக்கு என்ன இருக்கிறது? நூறிலிருந்து நூற்றுத் தொண்ணூறு பேர், அதில் பெரும்பாலோர் ஓய்வுபெற்றவர்கள். ஏழு மணிக்குத் தொடங்கி இரண்டு மணி நேரம் நீளும் இரவு உணவு. ஒரு பியானோ. பத்தரைக்கு விளக்கணையும் கூடம். ஜிம் என்று எழுதியிருப்பது இரண்டு மூன்று இயந்திரங்கள் வைத்த சிறு அறை. நீச்சல்குளம் என்பது பெரும்பாலும் நாலு பேர் உட்காரும் தொட்டி. வைஃபை லாக்குக்குள் இறங்கியதும், மலை இடுக்கில் நுழைந்ததும் போய்விடும். தனியாக இருக்கக் கிடைக்கும் ஒரே இடம் மேல்தளம். மைன் ஆற்றிலும் கால்வாயிலும் பாலங்கள் தாழ்வானவை என்பதால் கம்பியும் பந்தலும் மடக்கப்பட்டு அதையும் நாள்கணக்கில் மூடிவிடுவார்கள். ஆம்ஸ்டர்டாமிலிருந்து புடாபெஸ்ட் வரையான 14 இரவுப் பயணத்தை ஏன் வேண்டாம் என்கிறோம் என்று இப்போது புரிந்திருக்கும். அறுபதுக்கும் மேற்பட்ட லாக்குகள், நடுவில் மேல்தளம் கிடையாது. ஏழு இரவு போதும்.

ஆகவே நாள்வாரி அட்டவணையைக் கேட்டு வாங்கி, ஒவ்வொரு நாளுக்கும் நேராக மூன்றை எழுதுங்கள்: கப்பல் எத்தனை மணிக்குக் கரை சேர்கிறது, எத்தனை மணிக்குக் கிளம்புகிறது, எந்தத் துறையில். இரவு பத்து மணிக்கு மேல் கிளம்பும் நாளும், ஊரிலேயே இரவு தங்கும் நாளும் சேர்த்து ஏழில் மூன்று நாளாவது இருக்க வேண்டும். துறையின் பெயர் ஏன் முக்கியம் என்றால், வியன்னாவில் ரைஷ்ஸ்ப்ரூக்கெ பாலத்தருகே கட்டினால் பக்கத்திலேயே யூ1 மெட்ரோ. அங்குள்ள ஃபோர்கார்டென்ஸ்ட்ராஸெ நிலையத்திலிருந்து நான்காவது நிறுத்தம் நகரின் நடுவிலுள்ள ஸ்டெஃபான்ஸ்ப்ளாட்ஸ். பிள்ளைகள் தாங்களாகவே போய் வரலாம். அதே வியன்னாவில் நுஸ்டோர்ஃப் துறை என்றால் நகரின் வடக்கு ஓரம். கொலோனில் கதீட்ரலுக்கு நடந்து போகலாம், புடாபெஸ்டில் இறங்கினாலே நகரம். ஸ்ட்ராஸ்பூர்குக்குப் பதில் ஆற்றின் எதிர்க்கரையான கேலில் நிறுத்தினால்கூட 2017 முதல் டிராம் ஓடுகிறது. இப்படி ஊர் ஊராகச் சொல்ல ஏஜென்ட்டுக்குத் தெரியாது என்பதில்லை. கேட்பவர் இல்லை என்பதால் தேடுவதில்லை.

சைக்கிள் பற்றி இரண்டே கேள்விகள். கப்பலில் எத்தனை இருக்கின்றன, உயரமானவர்கள் ஓட்டக்கூடிய பெரிய ஃபிரேம் உள்ளவை எத்தனை? ஆஸ்திரியாவில் மெல்க் முதல் க்ரெம்ஸ் வரை வாஹாவ் பள்ளத்தாக்கில் ஆற்றோரமாகச் சுமார் 35 கிலோமீட்டர் மிதித்துப் போய்க் கப்பலை அங்கே பிடிப்பதுதான் இந்த வயதினர் பின்னாளிலும் பேசும் நாள். வழிகாட்டியோடு மட்டும்தானா, தனியாக எடுத்துப்போக விடுவார்களா என்பதையும் எழுத்தில் வாங்குங்கள். கப்பல் யாருக்காகவும் காத்திருக்காது.

தண்ணீர் விஷயத்தில் விற்பவர்கள் காட்டும் மௌனம் மன்னிக்கவே முடியாதது. ஐரோப்பாவில் பள்ளி விடுமுறை என்றால் பெரும்பாலும் ஜூலை, ஆகஸ்ட். கோடையின் கடைசியிலிருந்து அக்டோபர் வரைதான் ரைனிலும் எல்பேயிலும் மேல் டான்யூபிலும் நீர் வற்றும் காலம். 2018 அக்டோபரில் ரைன் கரையிலுள்ள காவுப் ஊரின் நீர்மட்ட அளவுகோல் 25 சென்டிமீட்டர் காட்டியது. அது ஆற்றின் ஆழம் அல்ல. கப்பல் போகும் தடத்தின் ஆழம் வேண்டுமானால் சுமார் 1.1 மீட்டர் கூட்ட வேண்டும். கூட்டியும், ஒன்றரை மீட்டர் அமிழும் கப்பலுக்கு அது போதாது. டான்யூபில் ஸ்ட்ராவ்பிங்குக்கும் ஃபில்ஸ்ஹோஃபெனுக்கும் நடுவே அணையில்லாத சுமார் 70 கிலோமீட்டர் இதே போலக் கழுத்தைப் பிடிக்கும். அப்போது பெட்டியைக் கட்டி பஸ்ஸில் ஏற்றி, தடைக்கு அப்பால் நிற்கும் இன்னொரு கப்பலுக்கு மாற்றுவார்கள். அது கிடைக்காவிட்டால் கப்பல் ஒரே துறையில் ஹோட்டலாக நிற்கும், நீங்கள் தினமும் பஸ்ஸில் போய் வருவீர்கள். பணம் திரும்பாது, பாதையை மாற்றும் உரிமை தங்களுக்கு உண்டு என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். காப்பீட்டிலும் நீர்மட்டம் என்ற காரணம் தனியாக இருந்தால்தான் ஏதாவது கிடைக்கும்.

ஆகஸ்ட்தான் முடியும் என்றால் அணைகட்டி மட்டம் காக்கும் ஆற்றைத் தேர்ந்தெடுங்கள். ஜெர்மனியின் மோசெல், பிரான்ஸின் ரோன், சேன், போர்ச்சுகலின் தூரோ. இதைச் சொல்ல ஒரு நிமிடம் ஆகாது! தூரோவில் இரவில் கப்பல் ஓட அனுமதியில்லை, ஆகவே தினமும் இரவு கரையில்தான். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் பின்யாவ் போன்ற சின்ன ஊர்களில் இரவு எட்டுக்குமேல் பிள்ளைகளுக்கு ஒன்றுமில்லை; போர்ட்டோவில் எத்தனை இரவு என்று எண்ணிப் பாருங்கள். ஆகஸ்டில் மேல் தூரோ அடுப்பாகக் கொதிக்கும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நைலில் லக்ஸர்–அஸ்வான் கப்பல்களுக்கு 11.4 மீட்டர் கட்டுப்பாடு கிடையாது, மேல்தளத்தில் குளமும் இருக்கும். கோடையில் 40 டிகிரியைத் தாண்டும் என்பதால் அது குளிர்கால விடுமுறைக்கு.

'எங்கள் பிள்ளை வயதில் வேறு யாராவது வருகிறார்களா?' என்று கேட்டால் 'சொல்ல இயலாது' என்கிறார்கள். எல்லாருடைய பிறந்த தேதியையும் வாங்கி வைத்துக்கொண்டு சொல்ல இயலாதாம். பெயர் யாருக்கு வேண்டும்? அந்தத் தேதியில் 15க்கும் 19க்கும் இடையில் எத்தனை பேர் பதிவு செய்திருக்கிறார்கள் என்ற எண் மட்டும் போதும். பூஜ்யம் என்றால் வாரத்தை மாற்றுங்கள். டாக், யூனிவேர்ல்ட் போன்ற பயண நிறுவனங்களும், 2016 முதல் அமாவாட்டர்வேஸ் நிறுவனத்தின் கப்பல்களில் டிஸ்னியின் பயணப் பிரிவும் குடும்பங்களுக்கென்றே குறிப்பிட்ட தேதிகளை ஒதுக்குகிறார்கள். அதே கப்பல் அடுத்த வாரம் வேறு கூட்டத்தோடு போகும். கப்பல் பெயரைப் பார்த்துப் பதிவு செய்யாதீர்கள், தேதியைப் பாருங்கள்.

ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் 16 வயதில் பீரும் வைனும் சட்டப்படி வாங்கலாம்; பிரான்ஸிலும் ஹங்கேரியிலும் நெதர்லாந்திலும் 18. கப்பலுக்கென்று தனி விதி இருக்கும். 'மது கட்டணத்தில் அடக்கம்' என்றால், குடிக்காத பிள்ளைக்கும் அதே கட்டணமா என்று கேளுங்கள்.

விசா தேவைப்படுவோருக்கு ஒன்று. கீழ் டான்யூபில் செர்பியாவின் தலைநகர் பெல்கிரேடு வரும். ஒரே விசாவில் போய்வரக்கூடிய ஐரோப்பிய நாடுகளின் கூட்டான ஷெங்கனில் செர்பியா இல்லை. ருமேனியாவும் பல்கேரியாவும் 2025 ஜனவரியிலிருந்து முழுமையாக உள்ளே. ஒருமுறை நுழையும் விசாவோடு செர்பியாவுக்குள் போனால் மறுபடி ஷெங்கனுக்குள் வர வழியில்லை. பலமுறை நுழையும் விசா என்று விண்ணப்பத்திலேயே குறிக்க வேண்டும். 18 நிறையாதவர் பெற்றோரில் ஒருவரோடு மட்டும் போனால் மற்றவரின் சம்மதக் கடிதம் கையில் இருக்கட்டும். பல கப்பல்களில் பாஸ்போர்ட்டை வரவேற்பு மேசையே வாங்கி வைத்துக்கொள்ளும். தனியாக ஊர் சுற்றும் பிள்ளையிடம் அதன் நகலும், அன்றைய துறையின் பெயரும், கப்பலின் தொலைபேசி எண்ணும் இருக்க வேண்டும். துறை கடைசி நிமிடத்திலும் மாறும். மாலையில் எங்கே ஏற வேண்டும் என்பதை இறங்கும்போது பலகையில் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.