ஈயக் குண்டு தெறிக்காதா?

"மஸில்லோடரில் (குழல்முனை வழியே மருந்தும் குண்டும் திணித்துச் சுடும் பழைய பாணித் துப்பாக்கி) போடுவது மெத்தென்ற ஈய உருண்டைதானே, எந்த இரும்புத் தகட்டை இலக்காகத் தொங்கவிட்டாலும் ஆபத்தில்லை" என்ற பேச்சு அமெரிக்காவில் பொழுதுபோக்காகச் சுடுபவர்களிடையே சுற்றுகிறது. இது தவறு.

ஈயம் மெத்தென்றது, சரி. ஆனால் .50 அளவு (அரை அங்குலக் குழல்) துப்பாக்கிக்கான உருண்டையே சுமார் 11.5 கிராம். எஃகில் மோதியதும் அது நசுங்கிச் சிதறி, தகட்டின் முகத்தை ஒட்டி நாலாபக்கமும் தெறிக்கும். பக்கவாட்டில் நிற்பவருக்குத்தான் முதல் ஆபத்து. சாதாரண இரும்பு அடிவாங்கிக் குழிந்துவிட்டால் இன்னும் மோசம்: குழியின் விளிம்பு சிதறலைச் சுட்டவர் பக்கமே திருப்பிவிடும். கையில் கிடைத்த பழைய தகட்டை மாட்டுபவர்கள் இதைத்தான் கவனிப்பதில்லை.

ஏஆர்500 போன்ற கடின எஃகை, மேல்விளிம்பு சுடுபவர் பக்கம் சாய்ந்திருக்கும்படி சங்கிலியில் தொங்கவிட்டால் சிதறலில் பெரும்பகுதி தரைக்குப் போகும். குழிந்த தகட்டைக் கழற்றிவிடுங்கள். அப்புறம், வேடிக்கை பார்ப்பவரும் பாதுகாப்புக் கண்ணாடி போட்டே ஆக வேண்டும்.